ஏழாம் கூண்டில் ஒரு திணைப்பிழை

"எங்க இடத்துல ஒரு குட்டி பிறந்திருக்கு. நல்லா ஆரோக்கியமா இருக்கு. அதுதான் சார் பிரச்சினை" என்றார் வந்த பெண்.

பிழையார் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் அவர். பிழையார் என்பது அச்சுக் கோப்பவர்கள் கேலியாக வைத்த பெயர். அச்சகம் மூடப்பட்டது, அவர்களும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், பெயர் மட்டும் அவருடனேயே தங்கிவிட்டது. மற்றவர்கள் சரியென்று படித்துக்கொண்டு போகும் இடத்தில் அவர் கண் நின்றுவிடும் என்பதால், தெருவில் யாருக்காவது அவிழாத சிக்கல் வந்தால் இந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் வெகுகாலமாகப் பழைய செய்தித்தாள்கள்தான் உட்கார்ந்திருந்தன. அக்கா மகள் வந்து தங்கிய பிறகே அவை தரைக்கு இறங்கின. அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். இப்போது கட்டிலில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவள், வந்தவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குட்டி நல்லா இருந்தா எப்படிங்க பிரச்சினை ஆகும்?"

வந்தவர் ஒரு விஞ்ஞானி. நாற்பது வயதிருக்கும். கைப்பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே பிடித்திருந்தார்.

"ஜிகான்னு ஒரு கிருமி. கொசு கொண்டு வரும். நமக்கு வந்தா ரெண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஆனா வயித்துல பிள்ளை இருக்கறப்போ வந்தா..." சொல்ல வந்தவர் அக்கா மகளின் வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, எனக்கே தெரியும். பிள்ளைக்குத் தலை சின்னதாயிடும். ஆஸ்பத்திரி சுவத்துல படம் ஒட்டி வச்சிருக்கான். கொசுவை என்னைவிடப் பெருசா வரைஞ்சிருக்கான்."

விஞ்ஞானி சிரிக்க முயன்றார். பிறகு விளக்கமாகச் சொன்னார். அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி ஒன்றை ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். தாய்க்குப் போட்ட ஊசி வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் காக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை நேராகப் பெண்களிடம் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் ஏழு பெண் குரங்குகள். ஒன்று முதல் நான்கு வரை தடுப்பூசி போட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழுக்கு வெறும் உப்புத்தண்ணீரை ஊசியில் ஏற்றினார்கள். ஏழும் சினையான பிறகு எல்லாவற்றுக்கும் கிருமியைச் செலுத்தினார்கள். முதல் நான்கின் குட்டிகளும் நலமாகப் பிறந்தன. ஐந்தின் குட்டி வயிற்றிலேயே இறந்தது. ஆறின் குட்டி பிறந்தும் நிலைக்கவில்லை.

"ஏழோட குட்டி கொழுகொழுன்னு இருக்கு. ஊசி போட்டதும் பிழைக்குது, போடாததும் பிழைக்குதுன்னா உன் மருந்து எதுக்குன்னு எங்க ஆராய்ச்சி நிலையத் தலைவர் கேக்கறார். வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை மூடிடுவாங்க. அதோட ஒரு மனுஷனோட வேலையும் போகப்போகுது. கூண்டுக்காரர்னு சொல்லுவோம், குரங்குகளைப் பார்த்துக்கறவர். அவர்தான் ஏழாவதையும் தடுப்பூசி வரிசையில தப்பாக் கொண்டுவந்து நிறுத்திட்டார்னு தலைவர் முடிவு பண்ணிட்டார். கேட்டதுக்கு அவரும், 'ஏழுக்கும் ஊசி போட்டோம்'னு ஒத்துக்கிட்டார்."

"நீங்க நம்பலையா?"

"இல்லை. கிருமி கொடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல ஏழுக்குத் தடுப்பூசியோட அடையாளமே கிடையாது. கிருமி கொடுத்தப்புறம் வாராவாரம் வந்த ரத்தத்துல கிருமி இருந்துச்சு. ஆனா பிரசவத்துல வந்த நஞ்சுக்கொடியில ஒன்னுமே இல்லை. ரத்தம் ஒன்னு சொல்லுது, குட்டி ஒன்னு சொல்லுது."

"ரத்தம் உங்ககிட்ட எப்படி வருது?"

"குழாயில. மிருக டாக்டர் எடுத்து எண் எழுதி அனுப்புவார். ஊசி போடறதும் அவர்தான்."

"குரங்கு?"

விஞ்ஞானி பையின் வாரைச் சுருட்டினார். "குரங்கை நான் பார்க்கறதில்லை. முதல்ல ஒரு தடவை உள்ள போனேன். அதுங்க முகத்தைப் பார்த்தா என்னால கிருமியை எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால குழாய்களை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

பிழையார் எழுந்து, இப்போதுதான் பொத்தான் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டார்.

"மாமா, அந்தத் தலைவர்தான்" என்றாள் அக்கா மகள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டே. "இவங்களைப் பிடிக்கலை. ஆளை வச்சுக் கெடுத்திருக்கார்."

"அவர் மூஞ்சியையாவது பார்த்துட்டுச் சந்தேகப்படு அம்மாடி."

"பார்த்துட்டுச் சந்தேகப்பட யாராலயும் முடியும்."

அந்த ஆராய்ச்சி நிலையம் ஊருக்கு வெளியே, பேருந்து திரும்பும் இடத்தில் இருந்தது. நீளமான நடைபாதைகள். எந்த அறையிலும் ஒருவருக்கு மேல் இல்லை. ஒவ்வொரு கதவிலும் சிறிய கண்ணாடி. அதற்குள் யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்.

கூண்டுக்காரர் வெளி வராந்தாவில் வாழைப்பழங்களை நறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"இந்த வாரத்தோட சரின்னுட்டாங்க. அதுக்காக அதுங்களைப் பட்டினி போட முடியுமா?"

"ஏழுக்கு ஊசி போட்டோம்னு சொன்னீங்களாமே?" என்றார் பிழையார்.

"ஆமாங்க. ஏழுக்கும் போட்டோம், எல்லாத்துக்கும் போட்டோம். நான் பிடிச்சேன், டாக்டர் குத்தினார். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"என்ன ஊசி?"

"ஊசிங்க." அவர் கத்தியைக் காற்றில் குத்திக் காட்டினார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கிருமி ஊசி போட்டப்பவும் நீங்கதான் பிடிச்சீங்களா?"

"அதுக்கு நான் உள்ள போகக் கூடாதுங்க. டாக்டர் தனியா, முகமூடி எல்லாம் போட்டுக்கிட்டுப் போவார். அதுக்கப்புறம் ரத்தம் எடுக்கறதும் அவர் தனியாத்தான். மயக்க மருந்து கொடுத்துத் தொடையில மழிச்சு எடுப்பார்."

"குட்டியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"பார்க்காமலா? அப்பன் மாதிரியே காது. அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அப்பன் மேல கூடக் கேஸ் போட்டுடுவாங்க."

மிருக டாக்டர் குரங்கு அறையின் வாசலில் காத்திருந்தார். மெலிந்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், கோட்டு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மாசமாயிருக்கும் பெண் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லி, நடைபாதையில் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே தானே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"ராத்திரி தூக்கம் வருதா?"

"எங்கே! இந்தப் பக்கம் படுத்தா இது உதைக்குது, அந்தப் பக்கம் படுத்தா நெஞ்சு எரியுது."

"அப்படித்தான் இருக்கும். ஏழும் மாசமா இருந்தப்போ படுக்கவே மாட்டா. கம்பியில சாஞ்சு உட்கார்ந்தே இருப்பா. பின்னாடி ஒரு துணி மடிச்சு வச்சா கொஞ்சம் கண்ணசருவா. நீங்களும் தலையணை வச்சுப் பாருங்க."

"ஐந்து எப்படி?" என்று கேட்டார் பிழையார், கையுறை மாட்டிக்கொண்டே.

"ஐந்தா? சினை பிடிச்சதுலேர்ந்து அது சரியாத் தின்னலை. ஆறு பரவாயில்லை, நல்லாத் தின்னுச்சு."

பிழையார் தலையசைத்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. அக்கா மகளுக்கு அது ஊமைப் படம் போல இருந்தது. வரிசையாகக் கூண்டுகள். டாக்டர் முன்னால் நடக்க, ஒவ்வொரு கூண்டாகக் குரங்குகள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. தாய்கள் குட்டியை வயிற்றுக்கடியில் மறைத்தன. குட்டி இல்லாத ஐந்தும் ஆறும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டன. கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு குரங்கு, மார்பில் குட்டியோடு, எழுந்து முன்னால் வந்தது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, டாக்டரின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் விரலை இழுக்கவில்லை. பின்னால் ஆள் இருப்பது நினைவுக்கு வந்தவர் போல, சற்றுக் கழித்துத்தான் விடுவித்துக்கொண்டார்.

பிழையார் வெளியே வந்ததும் அவள் அவர் கையைப் பற்றி இழுத்தாள்.

"மாமா, அந்தக் கடைசிது எவ்வளவு சாது பார்த்தீங்களா? மத்ததெல்லாம் அவரைக் கண்டா எமனைக் கண்ட மாதிரி ஓடுது. அது மட்டும் வந்து கை கொடுக்குது."

"பார்த்தேன். தொடையைப் பார்த்தியா நீ?"

"அவ்வளவு தூரத்துல தெரியலை."

"மத்ததுக்கெல்லாம் ஒரு தொடையில முடி கட்டையா இருக்கு, இப்பதான் மழிச்சு முளைக்கிற மாதிரி. ஐந்துக்கு ரெண்டு தொடையிலயும் அப்படி இருக்கு. ஏழுக்கு ரெண்டுலயும் முடி நீளமா, ஒரே சீரா இருக்கு."

அவள் வாய் திறந்தது. அவர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு விஞ்ஞானியைத் தேடிப் போய், எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார்.

சாப்பாட்டு அறையில் கூடினார்கள். நீள மேஜைகள் இருந்தும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மேஜையில் உட்கார்ந்தார்கள். அங்கே அதுதான் வழக்கம் என்று தெரிந்தது. தலைவர் மணியைப் பார்த்தார். கூண்டுக்காரர் உட்காரவே இல்லை.

"யாருங்க நீங்க? போலீசா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. மெய்ப்புத் திருத்தறவன். ரெண்டு வார்த்தையைத் திருத்திட்டுப் போயிடறேன்."

"சீக்கிரம் திருத்துங்க."

"முதல் வார்த்தை ஊசி. இந்த இடத்துல மூணு ஊசி இருக்கு. மருந்து ஊசி, உப்புத்தண்ணி ஊசி, கிருமி ஊசி. மூணுக்கும் நீங்க எல்லாரும் ஒரே பேர் வச்சிருக்கீங்க. கூண்டுக்காரர் 'ஏழுக்கும் ஊசி போட்டோம்'னு சொன்னது நிஜம். போட்டது உப்புத்தண்ணி. நீங்க அதைத் தடுப்பூசின்னு படிச்சுட்டீங்க. அவர் தப்பு பண்ணலை. கேட்டவங்க தப்பாக் கேட்டிருக்கீங்க."

கூண்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "அதைத்தாங்க நானும் சொன்னேன், ஊசின்னு."

"அப்போ குட்டி எப்படிப் பிழைச்சுது?" தலைவர் விடவில்லை.

"கிருமியே அதோட உடம்புக்குள்ள போகலைன்னா?"

"போச்சு. ரத்தத்துல இருந்துச்சு" என்றார் விஞ்ஞானி.

"குழாயில இருந்துச்சு. குழாய் மேல ஏழுன்னு எழுதியிருந்துச்சு. வாராவாரம் தொடையில குத்து வாங்கின குரங்கு, குத்தினவரைக் கண்டதும் என்ன பண்ணும்? ஆறு குரங்கும் சுவத்தோட ஒட்டிக்கிச்சு. ஏழு முன்னாடி வந்து அவர் விரலைப் பிடிக்குது. அதோட தொடையில மழிச்ச தடமே இல்லை. ஐந்துக்கோ ரெண்டு தொடையிலயும் இருக்கு. ஒரு குரங்குக்கு எதுக்கு ரெண்டு தொடையிலயும் மழிக்கணும்? ரெண்டு குரங்கோட ரத்தத்தை அது ஒன்னே கொடுத்திருக்கு."

யாரும் மிருக டாக்டரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குரங்குன்னா சிலது சாதுவா இருக்கும்" என்றார் அவர், மேஜையைப் பார்த்தபடி. "முடி சிலதுக்குச் சீக்கிரம் வளரும்."

"இருக்கலாம். அதனாலதான் ரெண்டாவது வார்த்தை. ஐந்தைப் பத்திச் சொன்னப்போ நீங்க 'அது'ன்னீங்க. சினை பிடிச்சதுன்னீங்க. ஆறு நல்லாத் தின்னுச்சுன்னீங்க. ஏழைப் பத்திச் சொன்னப்போ, 'மாசமா இருந்தப்போ படுக்கவே மாட்டா'ன்னு சொன்னீங்க. 'கண்ணசருவா'ன்னு சொன்னீங்க. ஒரே வரிசையில ஐந்தும் ஆறும் அஃறிணை, ஏழு மட்டும் உயர்திணை. முப்பது வருஷமா இந்தப் பிழையைத்தான் நான் தேடியிருக்கேன், கண்ணுல படாம போகுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"காலையில நான் கதவைத் திறந்தா எழுந்து முன்னாடி வந்து உட்காருவா" என்றார். "மத்ததெல்லாம் அப்பவும் சோறு வைக்கற கூண்டுக்காரரைத்தான் பார்க்கும். இவ என்னைப் பார்ப்பா. இருபது வருஷமா இங்க வேலை செய்யறேன். நான் வர்றதுக்காக ஒருத்தரும் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை. வீட்டுலயும் இல்லை. அன்னைக்கு ஆறுக்கும் கிருமி போட்டுட்டு ஏழாவதா வந்தேன். கையை நீட்டினா. என்னால முடியலை. அவளுக்கான கிருமியைக் கிருமிநாசினித் தண்ணியில கொட்டிட்டேன். அதுக்கப்புறம் ரத்தம் கேப்பீங்களேன்னு ஐந்துகிட்ட ரெண்டு தடவை எடுத்தேன்."

"ஒம்பது வருஷம்" என்றார் விஞ்ஞானி. அவர் குரலில் கோபம் இல்லை. எதையோ எண்ணிப் பார்ப்பவர் போலச் சொன்னார்.

"ஏழோட குட்டியும் செத்துப் பிறந்ததுன்னு எழுதியிருக்கலாமே, யாருக்கும் தெரிஞ்சிருக்காதே!" என்றாள் அக்கா மகள், தாங்க முடியாமல்.

"குட்டியை என்னம்மா பண்றது? அவகிட்டேர்ந்து பிடுங்கி ஒளிச்சு வைக்கணும். அதுக்கா இத்தனையும் பண்ணினேன்?"

தலைவர் எழுந்து கத்த ஆரம்பித்தார். ஏமாற்று, துரோகம், வழக்கு என்று சொற்கள் வந்தன. பிழையார் அவை முடியும்வரை காத்திருந்தார்.

"அன்புனால திணை மாத்திச் சொன்னா இலக்கணம் பிழைன்னு தள்ளாது. வழுவமைதின்னு ஏத்துக்கும்" என்றார் டாக்டரிடம், தாழ்ந்த குரலில். "இவங்க வேலை ஏத்துக்காது. இவங்க பதிலுக்காக வெளியில வயித்துல பிள்ளையோட எத்தனையோ பேர் காத்திருக்காங்க. அதோட, ஏழு வாங்க வேண்டிய குத்தை ஐந்து வாங்கியிருக்கு. அதை 'அவ'ன்னு சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்."

 டாக்டருடைய கண் சிவந்தது.

"இது எல்லாம் உங்க ஊகம்" என்றார் தலைவர். "கூட்டத்துல ஊகத்தை வைக்க முடியாது."

"ஏழோட ரத்தத்தை இப்போ எடுத்துப் பாருங்க. கிருமியைச் சந்திச்ச ரத்தம் அதை மறக்காதுன்னு உங்க விஞ்ஞானிக்குத் தெரியும். இது கிருமியைச் சந்திக்கவே சந்திக்காத ரத்தம். ஆனா எடுக்கறது இவரா இருக்கக் கூடாது."

அறையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான் இருந்தார். விஞ்ஞானி எழுந்தார்.

கூண்டுக்காரர் மயக்க மருந்தைப் பழத்தில் வைத்துக் கொடுக்கலாம் என்றார். அது போதாது, ஒரு குத்தாவது வேண்டும் என்றார் டாக்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு. அக்கா மகள் மீண்டும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். விஞ்ஞானி முகமூடி அணிந்து மெதுவாக நடந்து வந்தார். கடைசிக் கூண்டின் குரங்கு எழுந்து முன்னால் வந்து கையை நீட்டியது. அவர் நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊசியை எடுத்தார். அக்கா மகள் கண்களை மூடிக்கொண்டாள். கண்ணாடி கனமானது, எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மாலைக்குள் முடிவு வந்தது. ஏழின் ரத்தத்தில் கிருமி வந்துபோன தடமே இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகு விஞ்ஞானி அவர்கள் இருவரையும் வரச்சொன்னார். கூண்டுக்காரர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். அவர் வேலை தப்பியது. ஏழாவதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மற்றவற்றை வைத்துப் பார்த்தால் மருந்து காக்கிறது என்பது தெளிவு. அதைக் கூட்டம் ஒப்புக்கொண்டது.

"ஆனா ஒரு நிபந்தனை. தடுப்பூசி போடாதது ரெண்டு மட்டும் போதாதாம்" என்றார் விஞ்ஞானி. "ஏழுக்குப் பதிலா இன்னொன்னு வேணுமாம். உப்புத்தண்ணி போட்டு, சினையாக்கி, கிருமி கொடுத்து."

அக்கா மகள் தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

மிருக டாக்டர் சாவிகளை ஒப்படைக்க வந்திருந்தார். நடைபாதையின் மறுமுனையில் நின்ற அவர் காதிலும் அது விழுந்தது. மெல்ல அருகே வந்தார். சாவிக்கொத்தை அங்கிருந்த மேஜை மேல் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"நான் ஒருத்தியைக் காப்பாத்தினதா நெனச்சேன். இன்னொருத்தியை உள்ள தள்ளிட்டேன், இல்ல?"

விஞ்ஞானி பொய் சொல்லவில்லை. "ஆமா" என்றார்.

"யார் போடுவாங்க?"

"நான்தான். இனிமே குழாயை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"பிடிச்சுக்கிட்டே குத்த உங்க ஒருத்தரால முடியாது. நான் பிடிச்சுக்கறேன். கிருமியை நீங்க போடுங்க. நான் எதையும் கொட்ட மாட்டேன். சும்மா பிடிச்சுக்கறேன். அந்த நேரத்துல அவ தனியா இருக்க வேண்டாம்."

தூரத்தில் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. விஞ்ஞானி சாவிக்கொத்தைத் தன் பக்கம் இழுத்து, பையில் போட்டு மூடினார். டாக்டர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"வேலைக்கு வராதீங்க" என்றார் விஞ்ஞானி அவர் முதுகைப் பார்த்து. "அன்னைக்கு மட்டும் வாங்க."